முனவ்வறா ஆசிரியையின் கட்டிலோரக் கணக்கீடு

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, மேடையிலுள்ள உலமாக்களே, நம்மைப் பிரிந்த மர்ஹூமா முனவ்வறா ஆசிரியையின் குடும்பத்தாரே, கல்முனையிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

சுனாமியில் கால் முறிந்து ஆசிரியை மூன்று கிழமை வைத்தியசாலையில் கிடந்தார். காலையில் பெரிய டொக்டர் மருத்துவ மாணவர்களோடு கட்டிலருகே வருவார். நோயாளி கதைத்து முடியும்வரை யாரும் கட்டிலில் தொங்கும் நோய்ச் சீட்டைப் பார்க்கக் கூடாது. என்ன நோய் என்று மாணவர்களே முதலில் சொல்ல வேண்டும். வலியோடு படுத்திருந்த நம் ஆசிரியை இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

ஊன்றுகோலோடு திரும்பியவர் தன் கணக்கீட்டு வகுப்பையே மாற்றினார். கரும்பலகையில் கணக்குச் செய்து காட்டுவதை விட்டார். கடைக்காரர் ஒருவரையோ சங்கக்காரர் ஒருவரையோ கூட்டிவந்து இருத்தி, மாணவர்களை விசாரிக்கச் சொன்னார். ஆசிரியர்கள் சிரித்தோம். அடுத்த வகுப்பில் வணிகம் படிப்பித்த நான்தான் அதிகம் சிரித்தேன்.

யுத்தம் முடிந்த வருடம், மருதமுனை நெசவாளர் சங்கத்தின் ஐந்து வருடக் கணக்கும் ஒன்றாகப் பரிசோதிக்கப்பட்டது. நாற்பத்தோராயிரம் ரூபா குறைகிறது என்று எழுதிக் கையெழுத்திட்ட கணக்குப் பரிசோதகன் யார்? உங்கள் முன் நிற்கும் நான்! ஏட்டை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பொருளாளர் சுல்பிகாவிடம் ஒரு கேள்வி கேட்டேனா? கேட்கவில்லை. பழிக்கு அஞ்சி அவர் வீட்டை விற்க ஆயத்தமானார்.

ஆசிரியை அவரை வகுப்புக்கு அழைத்தார். என்னையும் பின்வரிசையில் இருக்கச் சொன்னார். மாணவி உசாந்தினி ஏட்டைத் திறக்காமலே கேட்டார்: “கடல் வந்த கிழமை உங்கட சங்கத்தில என்ன நடந்த, ராத்தா?”

“சாரம், சாறி எல்லாத்தையும் கேம்புக்குச் சும்மா குடுத்தம் புள்ள. வித்ததெண்டுதான் ஏட்டில எழுதின. வேற எழுத அதில இடமில்ல.”

இனாமாகக் கொடுத்த துணிக்குப் பெட்டியில் காசு எப்படி இருக்கும்? துணி பெற்றவர்கள் முகாமில் ஒப்பமிட்டுக் கொடுத்த பற்றுச்சீட்டுகளை மாணவர்கள் தேடியெடுத்துக் கூட்டினார்கள். சரியாக நாற்பத்தோராயிரம். சுல்பிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆசிரியை என்னைக் குத்திக் கதைக்கவில்லை.

“சேர், நோயாளி தப்பிட்டா. அறிக்கைய மாத்தி எழுதுங்க” என்றார். அன்றே எழுதினேன்.

அவருடைய மறைவு துக்கம்தான். ஆனாலும் அவர் இருக்கும்போதே என் பிழையைத் திருத்திக்கொள்ள முடிந்ததே! அந்த ஆறுதலோடுதான் இங்கே நிற்கிறேன். சுல்பிகா இன்றும் அந்தச் சங்கத்தின் பொருளாளர். இதோ முன்வரிசையில் இருக்கிறார்.

ஆசிரியையின் வகுப்பு நிற்காது. விசாரிக்காமல் எவர்மீதும் குறை எழுதமாட்டேன் என்று இச்சபையில் உறுதி சொல்கிறேன். அவருடைய நற்பணியை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. மாணவர்களே, வரும் சனிக்கிழமை நற்பிட்டிமுனை விவசாயச் சங்கத்தார் வருகிறார்கள். ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள். நானும் உங்களோடு இருந்து கேட்பேன்.