வேப்பமர நிழல்

லஸ்ஸில் டிராம் ஏறினேன். எதிர் பெஞ்சில் இரண்டு மாமிகள். விசிறியோடிருந்தவள் பொருமினாள்.

"காட்டைப் பத்திப் படிக்க ஒரு காலேஜாம்!"

"உங்க பக்கத்தாத்துப் பிள்ளையா?"

"அவனேதான். லீவுக்கு வந்தவன் எங்காத்து வேப்பமரத்தை நாடா வச்சு அளந்தான். 'வெட்டிடாதேங்கோ மாமி, இன்னும் நூறு வருஷம் நிக்கும்'னான். தெருவே வாயைப் பிளந்துண்டு கேட்டது. என் பிள்ளை பி.எல். பாஸ் பண்ணினப்போ ஈ காக்கா எட்டிப் பார்க்கலே."

"அதுக்கு?"

"மறுநாளே ஆளை விட்டு மரத்தை வெட்டிட்டேன்."

"அடப்பாவமே! இனிமே வெயில் உங்காத்துலேன்னா கொளுத்தும்?"

விசிறி வேகமாக ஆடியது.

"கொளுத்தட்டுமே. அவாத்துக் கொல்லைக்கும் அந்த நிழல்தானே இருந்தது!"