நான்கு லட்சம் பேருக்குச் சொன்ன சேதி

அவைக்குத் தலைமை ஏற்று, என் முறை வருவதற்குள் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆண்டின் சிறந்த விழிப்புணர்வுப் பதிவென்று என் பதிவைத் தேர்ந்தெடுத்த நடுவர் பெருமக்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பில் கிடந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்த மதியூகிகளே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பொறுமைசாலிகளே, உங்கள் அனைவருக்கும் களைத்த குரலில், கனிந்த மனத்தோடு என் வணக்கம்.

நான் நாவலர் இல்லை. வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்து எழுதுகிறவள். முற்றத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டி, கதவைத் திறந்தால் கண்ணாடிக் குழாய், குழாயில் கோடு, கோட்டோரம் ஓர் எண். அந்த எண்ணைப் பத்தொன்பது ஆண்டுகளாக நோட்டில் எழுதுகிறேன். ஏழு ஆண்டுகளாக அதையே வலைதளத்திலும் போடுகிறேன். போட்டுப் போட்டு எனக்கு ‘வெயிலக்கா’ என்று பெயரே விழுந்துவிட்டது.

ஏழு ஆண்டுகளில் என்ன கேட்டேன் தெரியுமா? எண்ணைச் சொன்னால், “அந்தக் காலத்துல மட்டும் வெயில் அடிக்கலையா?” என்றார் ஒருவர். ஏன் ஏறுகிறது என்று சொன்னால், “ஏசி கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?” என்றார் இன்னொருவர். “மழை வரும்னீங்க, துணியைக் காயப்போடாம வெச்சிருந்தேன், நாத்தம் அடிக்குது” என்று ஓர் அம்மா திட்டினார். அந்த அம்மா பக்கம் நியாயம் இருந்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் முதல் இரண்டு வருடம் சிரித்தேன்.

எதிர்ப்பவர்களாவது எதிரில் நிற்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் என் உயிரை வாங்கினார்கள். “எல்லாம் முடிஞ்சுபோச்சு அக்கா, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று நான்கு அழுகை முகம் போடுவார்கள். அடுத்த நிமிடம் பூனை வீடியோவுக்கு நான்கு சிரிப்பு முகம். அழுகைக்கும் அரை நொடி, ஆத்திரத்துக்கும் அரை நொடி, அக்கறைக்கும் அதே அரை நொடி என்றால், ஐயா, அந்த அக்கறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று தினமும் ஊதினேன். பதினேழு பேர் விருப்பம் தெரிவிப்பார்கள். அதில் ஒன்று நானே போட்டது. இன்னொன்று, ஒருநாளும் தவறாமல், என் அண்ணன் போட்டது.

அண்ணன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி சலவைக்கடை வைத்திருக்கிறார். தகரக்கூரை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், விடுதித் துண்டுகள் எல்லாம் அங்கேதான் போகும். இரண்டு கொதிகலன், நான்கு இஸ்திரி மேசை, ஆறு ஆட்கள். வெளியே முப்பத்தைந்து டிகிரி என்றால் உள்ளே நாற்பதைத் தாண்டும். ஈரத்துணியின் ஆவி வேறு, வியர்வை காயவே காயாது.

இப்போது நீங்கள் விருது கொடுக்கிற பதிவுக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு. மறுநாள் நாற்பத்துமூன்று தொடும், காற்றில் ஈரம் அதிகம், பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை உடல் உழைப்பு வேண்டாம் என்று கணக்கு சொன்னது. கணக்கு சத்தியம். அதில் எள்ளளவும் பொய் இல்லை. எழுதி முடித்துவிட்டு, பழையபடி பதினேழு பேர்தானே பார்ப்பார்கள் என்று அலுத்துப்போய், ஒரு காரியம் செய்தேன். ஒரு படம் தேடினேன். வெடித்துக் கிடக்கும் ஏரி, நடுவில் செத்த மாட்டின் எலும்பு. எந்த நாடோ, எந்த வருடமோ, எனக்குத் தெரியாது. நன்றாக இருந்தது, ஒட்டிவிட்டேன்.

பதிவு பறந்தது. பத்தாயிரம், ஐம்பதாயிரம், நான்கு லட்சம். நானும் சோற்றை மறந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

நடுவர் பெருமக்களே, அந்த நான்கு லட்சம் பேர் என்ன பகிர்ந்தார்கள் என்று பார்த்தீர்களா? அந்தப் படம் மூன்று வருடம் பழசு என்று ஒருவர் கண்டுபிடித்துச் சிவப்பு எழுத்தில் ‘போலி’ என்று முத்திரை குத்தினார். மீதிப் பேர் பகிர்ந்தது முத்திரை குத்திய அந்தப் பிரதியைத்தான். புலி வருது கதையில் பொய் சொன்னவன் பேச்சை ஊர் நம்பவில்லை. என் கதையில் புலி நிஜம், தேதி நிஜம், நேரம் நிஜம். நான் காட்டிய வால் மட்டும் வேறு ஏதோ புலியுடையது.

சலவைக்கடை ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மறுநாள் காலையில் துணி இறக்க வந்த வண்டிக்காரர் அந்தச் சிவப்பு முத்திரையை அதில் போட்டிருக்கிறார். “நம்ம வெயிலக்கா ரீல் விடுறாங்கப்பா, வேலையைப் பாருங்க.” எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், அண்ணனும் சிரித்திருக்கிறார். கடை நடந்தது. பிற்பகல் இரண்டே காலுக்கு இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் அண்ணன் விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. அண்ணி ஈரத்துணியைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று நடந்தால் தள்ளாடுகிறார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

என்ன சொல்கிறீர்கள், அம்மா? ஆமாம், அதே ஆஸ்பத்திரிதான். அவர் வெளுத்த விரிப்பிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள்.

ஐந்தாம் நாள் பேச்சுத் தெளிந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, “அண்ணா, நான்தான் எழுதியிருந்தேனே, படத்தைப் பார்த்துட்டு விட்டுட்டியே” என்று அழுதேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “எழுதினம்மா. ஊருக்கெல்லாம் எழுதின. நாலு தெரு தள்ளி இருக்கேன், எனக்கு ஒரு போன் போடலையே. நீ போட்டிருந்தா, நான் எந்தப் படத்தைப் பார்த்திருக்கப் போறேன்? கடையைச் சாத்தியிருப்பேன்” என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அது அடுத்தவரைக் குத்தச் சொல்கிற பழமொழி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான்கு லட்சம் கண்ணுக்கு வலை வீசினேனே, நான்கு தெருவுக்கு நடந்தேனா? நாடறியப் பேசினேனே, நாவெடுத்து ஒரு வார்த்தை வீட்டில் பேசினேனா? எண்ணைச் சொன்னேன், எச்சரிக்கை சொன்னேன், என் கூடப் பிறந்தவருக்கு என்ன சொன்னேன்?

தலைவர் ஐயா மறுபடி கடிகாரம் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

வலைதளத்தை மூடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாளையும் எழுதுவேன், எங்கள் முற்றத்து மரப்பெட்டியின் படத்தைப் போடுவேன், பதினேழு பேர் பார்க்கட்டும். பதினாறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன் இப்போது போன் பார்ப்பதில்லை, கண் கூசுகிறதாம். இந்த விருதை மட்டும் மேசையிலேயே விட்டுச் செல்கிறேன். பொய்ப் படம் வாங்கிக் கொடுத்த கேடயத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணி முகத்தில் நான் விழிக்க முடியாது. நடுவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இன்றைய கணக்கை இங்கே சொல்கிறேன். நாளை நாற்பத்துமூன்று. ஈரமும் இருக்கும். பன்னிரண்டு முதல் நான்கு வரை. உங்களில் ஒவ்வொருவருக்கும் தகரத்துக்குக் கீழே, தார்ச்சாலையில், சாரத்தின் மேல், வேலை செய்கிற ஒருவரைத் தெரியும். அவருக்கு எதையும் அனுப்பி வைக்காதீர்கள். கூப்பிடுங்கள். உங்கள் குரலை அவருக்குத் தெரியும், அதன் மேல் யாரும் முத்திரை குத்த முடியாது. இப்போதே, இந்த மண்டபத்திலேயே. சத்தமானால் ஆகட்டும். ஒலிபெருக்கி அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் முதலில் போடுகிறேன்.

“அண்ணா, நான்தான். நாளைக்கு நாப்பத்திமூணு. கடையைத் திறக்க வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லு. ஆளுங்களையும் வரச் சொல்லாத… இல்லண்ணா, இன்னும் எங்கேயும் போடல. முதல்ல உனக்குத்தான் சொல்றேன்.”

சரி என்று சொல்லிவிட்டார்.

கேட்டிருந்த காதுகளுக்கு என் நன்றி. பேசப்போகிற வாய்களுக்கு என் வணக்கம். எண்ணை அழுத்துங்கள், பெரியோர்களே.