கோடு விழாத படம்

கம்ப்யூட்டரில் வீடியோ பார்க்கும்போது, ஆள் அசைந்தால் கை கால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு அதைப் பார்த்தால் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்ப வந்து அதே இடத்தை ஓட்டிப் பார்ப்பேன். இப்போதும் பாருங்கள், உங்கள் மேஜையில் அந்தப் பேனா கோணலாகக் கிடக்கிறது, சார். நேராக வைத்துவிடட்டுமா?

காரணம் எளிது. கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிடிக்கிறது. ஒன்று விட்டு ஒரு வரியாக முதல் பாதி, ஒரு கணம் கழித்து மிச்ச வரிகள். டிவியில் அது தெரியாது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒட்டிக் காட்டிவிடும். அசையாத சுவரில் கோடு வராது, அசைகிறவர்கள் மேல்தான் வரும். என் மனைவி பத்மாவதி மேல் எப்போதும் வரும். அவள் ஓரிடத்தில் நின்றவள் இல்லை.

போன ஆடியில், அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அவள் தவறி விழுந்து இறந்தாள். கேமராவை வீசிவிட்டுக் கயிறு தேடி ஓடினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

அவள் தம்பி கோவர்தன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனால் சாவுக்கு வர முடியவில்லை. அக்காவைக் கடைசியாக எடுத்த வீடியோவை இன்டர்நெட்டில் போட்டால் அங்கிருக்கும் சொந்தமெல்லாம் பார்க்கும் என்று கேட்டான். காந்திபுரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் நான். முடியாது என்றா சொல்ல முடியும்?

அவள் கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் இருந்ததை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவள் முகமெல்லாம் கோடு. இரண்டு பாதியில் ஒன்றை எடுத்தால் கோடு போகும், ஆனால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். இரண்டையும் கலந்தால் ஒரு கை இரண்டாகத் தெரியும். வாரம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

சோதித்துப் பார்க்க, அசைவதும் அசையாததும் ஒரே படத்தில் வேண்டும். அப்படி ஒரு துண்டு டேப்பின் கடைசியில் இருந்தது. கிணற்றின் கல்சுவர் அசையாது, தண்ணீர் அசையும். அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒரு வழியாகக் கோடே இல்லாமல் வந்துவிட்டது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். முழு வீடியோவுக்கு முன்னால் அந்தச் சின்னத் துண்டை பிரவுசிங் சென்டரில் ஏற்றி, கோடு தெரிகிறதா பார்த்துச் சொல் என்று கோவர்தனிடம் சொன்னேன். நான் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சார். படத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் போன் வந்தது. அக்காள் கணவரை எங்கள் வீடுகளில் பாவா என்போம்.

"கோடு இல்லீங்க பாவா," என்றான். "அக்கா நல்லாத் தெரியறாங்க. கையத் தூக்கித் தூக்கிக் கூப்படறாங்க."

பிறகு கேட்டான்.

"கேமரா ஏனுங்க ஆடவே இல்ல?"

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சொல்கிறேன். விசா வந்துவிட்டது, தம்பியிடம் போகிறேன், இனி திரும்பி வரமாட்டேன் என்று அன்று தோட்டத்தில் அவள் சொன்னாள். நடந்துகொண்டேதான் சொன்னாள். நான் சத்தம் போடவில்லை. கடைசியாக ஒரு படம், கிணற்றுப் படியில் நின்று எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "இன்னும் ஒரு படி கீழ எறங்கி நில்லு கண்ணு" என்று டேப்பில் கேட்பது என் குரல்தான். அந்தப் படியில் பாசி இருந்தது எனக்குத் தெரியும். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும்.

கயிறு என் காலடியில்தான் கிடந்தது. குனிந்திருந்தால் கேமரா ஆடியிருக்கும், படம் முழுக்கக் கோடு விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எடுத்ததில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை, சார்.