பத்து மணிக்குள் ஒரு பயணி

"ஹலோ... ஹலோ... மூதூரா? ஆர், சரீபா? ஓம், நான்தான் மச்சான், ஆதம்பாவா. இறங்குதுறைக் கந்தோரிலேர்ந்து கதைக்கிறன்... கொஞ்சம் சத்தமாக் கதை... ஓம், ஓம், இப்ப விளங்குது. லோஞ்சு வெளிக்கிட்டுதா? அதை முதல்ல சொல்லு."

அலுவலகச் சுவர் மணிக்கூட்டில் ஒன்பதே முக்கால். ஆதம்பாவா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு யன்னல் வழியே குடாவைப் பார்த்தார். எதிரே கிளாக்கர் இக்னேசியஸ் பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் என்று அவரை ஒருவரும் சொல்லமாட்டார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்துவிட்டால் மட்டும் அவருக்கு ஆளைத் தெரியாது.

"எட்டு மணிக்கே வெளிக்கிட்டுதா? அல்ஹம்துலில்லாஹ்! நீ மனுஷன் மச்சான்."

அறுபத்தாறாம் ஆண்டில் அந்தத் திருகோணமலை இறங்குதுறையில், சனம் ஏற்றிவரும் மோட்டார்ப் படகான லோஞ்சு கட்ட இரண்டே இடந்தான் இருந்தது. ஒன்று அரசாங்க லோஞ்சுக்கு. மற்றது ஆறு வருஷமாக ஆதம்பாவாவின் 'பரக்கத்'துக்கு. இடமில்லாத லோஞ்சு நடுக்குடாவில் நங்கூரம் போட்டு, சனத்தைச் சின்ன வள்ளத்தில் இறக்கிக் கரைசேர்க்க வேண்டும். சேலையை முழங்கால்வரை நனைத்துக்கொண்டு இறங்க யார் வருவார்கள்? இடம் போனால் தொழிலும் போச்சு.

அந்த இடத்துக்கு ஒரு விதி உண்டு. தினமும் காலை பத்துக்குள் லோஞ்சு வந்து கட்டி, டிக்கட் எடுத்த ஒரு ஆளையாவது இறக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால், மூன்றாம் நாள் பத்துக்குள் அங்கே கட்டி ஆள் இறக்குகிற லோஞ்சுக்கு இடம் மாறிவிடும். 'பரக்கத்'தின் எஞ்சின் மூதூரில் படுத்துவிட்டது. அதற்குச் சாமான் தேடி ஆதம்பாவா இரண்டு நாளாகத் திருகோணமலையில் அலைகிறார். இரண்டு நாள் தவறியாயிற்று. இன்று மூன்றாம் நாள்.

"மாமியும் வாறாதானே? ... ஓம், அது போதும். ஒரு ஆள் போதும்."

வாடைக்காற்றுக் காலத்தில் ஆள் கிடைக்காத நாட்களிலெல்லாம் இடத்தைக் காப்பாற்றியது மாமிதான். ஆதம்பாவாவின் மனைவியைப் பெற்றவர், சரீபின் உம்மா, பெயர் பல்கீஸ். இந்த வருஷம் மட்டும் நாற்பத்தொரு தடவை திருகோணமலைக்கு வந்துவிட்டார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இறங்குவார், டிக்கட்டைக் கிளாக்கரிடம் நீட்டுவார், ஒரு பிளேன்ரீ குடிப்பார், திரும்பிப் போவார்.

"எஞ்சின் இல்லாம எப்பிடி மச்சான் கொண்டு வாறாங்க? ... இழுவையிலயா? நல்ல மூளை! ... ஓம், கிளாக்கர் ஐயாட்ட முந்தியே கேட்டுட்டன். எஞ்சின் ஓடித்தான் வரவேணும் எண்டு விதியில இல்லையாம். கயித்தில கட்டி இழுத்தா என்ன, தள்ளினா என்ன... அது சரி, ஆர் இழுக்கிறது? ... ஆர்? ... திருப்பிச் சொல்லு."

ஆதம்பாவா வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு கேட்கிற செய்தியல்ல அது.

"ஸைனுலாப்தீன் காக்காட 'குயீன்' லோஞ்சா? ... அவரே வந்து கேட்டவரா? ... ஒரு சதமும் வேணாம் எண்டவரா? ... ஓம், நல்ல மனுஷன். ரெண்டு வருஷமா இந்த இடத்தைக் கேட்டுப் பெட்டிசம் எழுதுற மனுஷன், நல்லவராத்தான் இருப்பார்... மிஸ்! எக்ஸ்சேஞ்ச் மிஸ்! லைனை வெட்டிப்போடாதீங்க, இன்னும் மூண்டு நிமிஷம் தாங்க... ஓம், நன்றி... மச்சான், இருக்கிறியா? ஒண்டு கேக்கிறன். இழுக்கிற லோஞ்சு முன்னுக்கு வருமா, பின்னுக்கு வருமா? ... முன்னுக்கு. ஓம். அப்ப கரைக்கு முதல்ல ஆர் வருவாங்க? ... ஓம். இப்ப விளங்குதா? ... இல்ல, நான் ஏசேல்ல. கேள்விதான் கேக்கிறன்."

குடாவில் 'குயீன்' தெரிந்தது. புதுப் பெயின்ற், புதுக் கொடி. அதன் பின்னால் நீளக் கயிற்றில் 'பரக்கத்', சந்தைக்கு இழுத்துப்போகும் மாடுபோலத் தலையை ஆட்டி ஆட்டி வந்துகொண்டிருந்தது.

"அவர் கட்டினாலும் காரியமில்ல மச்சான். ஆள் இறங்க வேணும். குயீன்ல இண்டைக்குச் சனம் ஏறினதா? ... ஒருத்தருமில்லையா? வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள், அதுதான்! அல்லாஹ் பெரியவன். அவருக்கு ஆளில்ல, நமக்கு மாமி இருக்கிறா... மச்சான்? ... என்ன, மாமி குயீன்லயா வாறா?"

இக்னேசியஸ் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஓம்... இழுவையில வந்தா ஆடும்தான்... ஓம், மாமிக்குத் தலைச்சுத்து, தெரியும்... ஓம், குயீன்ல மெத்தை போட்ட வாங்கு இருக்கு, அதுவும் தெரியும்... ஸைனுலாப்தீன் காக்காவே பலகை போட்டு ஏத்தினவரா? ... சரி, சரி, ஏறினா ஏறட்டும். ஓசியில வாற ஆள் கணக்கில்ல. டிக்கட் இல்லாட்டி ஐயா எழுதமாட்டார். மாமி டிக்கட் எடுக்கேல்லத்தானே?"

கேட்டு முடிக்கும்போதே ஆதம்பாவாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு கைப்பிடி உப்பு வாங்கினால் இரண்டு கைப்பிடியாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷி அவர்.

"எடுத்தவவா... அவர் வேணாம் எண்டு சொல்லவும் எடுத்தவவா... ஓம். ஊரான்ட லோஞ்சில ஓசியில குந்தமாட்டா. ஓம், மரியாதைக்காரிதான். நான் இல்லையெண்டு சொன்னனா?"

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கையில் 'குயீன்' அந்த இடத்தில் கட்டியது. கட்ட வேறிடம் இல்லாததால் 'பரக்கத்'தை அதன் வெளிப்பக்கத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். மாமி பலகையில் கால் வைத்தார். ஆதம்பாவா எழுந்து, இறங்க வேண்டாம், இறங்க வேண்டாம் என்று யன்னலால் கையை ஆட்டினார். மருமகனுக்கு இன்று எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து மாமியும் கையை ஆட்டினார். இறங்கினார். நேரே கந்தோருக்குள் வந்து, நாற்பத்தொரு தடவை செய்ததுபோலவே, டிக்கட்டை இக்னேசியஸிடம் நீட்டினார்.

"ஐயா... அது என்ட மாமி, ஐயா!"

புத்தகத்தில் உறவுமுறைக்கென்று இடமில்லை. இக்னேசியஸ் மணிக்கூட்டைப் பார்த்து, டிக்கட்டைப் பார்த்து, 'குயீன்' என்று எழுதி அடியில் கோடு போட்டார். காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்ட நிம்மதியில் மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்துச் சிரித்தார். ஆதம்பாவாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அழவும் முடியவில்லை.

"ஹலோ... ஓம் மச்சான், இருக்கிறன்... ஓம், நேரத்துக்கு வந்துட்டா... இல்ல, தலைச்சுத்து ஒண்டும் இல்லையாம்... ஓம். உன்ட உம்மா சுகமா வந்து சேந்துட்டா. வைக்கிறன்."