கஞ்சியை உருட்ட முடியாது

கஞ்சிக்கு உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அரிசி சரியாக மலராது. நீங்கள் நகரத்துப் பிள்ளை, அடுப்புப் பக்கம் போயிருப்பீர்களோ என்னவோ, அதனால் சொல்கிறேன். நான் எங்கள் கூட்டுப்பண்ணையின் பொதுச் சமையலறைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். நீங்கள் கொலை என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என் கையில் இருந்தது அகப்பை மட்டும்தான். மற்றவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அமைப்பு என்று நாங்கள் சொன்ன அந்த ஆட்சியில் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எல்லார் வீட்டுச் சட்டியும் பொதுச் சமையலறைக்கு வந்துவிட்டது. ஒரே கூரை, ஒரே அண்டா. விளைந்த நெல் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிப் போகும், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மேலே ஒருவர் இருந்தார். முதல் அண்ணன் என்று காதோடு காதாகச் சொல்வார்கள். அவருடைய படத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. நாடு முழுக்க நெல் இத்தனை மடங்கு விளைய வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். விளையவில்லை என்றால் வயலில் குறை கிடையாது, ஊருக்குள் எதிரி இருக்கிறான் என்று அர்த்தம். அவருக்கு என் பெயர் ஞியன் என்று தெரியாது. ஆனாலும் நான் காலையில் கண் விழித்ததிலிருந்து அவருக்குப் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

பண்ணைத் தலைவர் தோழர் ஹியெங், முன்பு பனை ஏறிப் பதநீர் இறக்கியவர். ஒரு மழைக்காலத்தில் சமையலறைக்கு வந்து விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ஞியன், மேல இருந்து ஆளுங்க வந்துட்டுப் போறாங்க. உங்க ஊர்ல மட்டும் எதிரியே இல்லையான்னு கேக்குறாங்கப்பா."

"எல்லாம் எலும்பும் தோலுமா கெடக்குதுங்க தோழர். எதிரியா இருக்கவும் ஒடம்புல கொஞ்சம் தெம்பு வேணாமா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டார்.

"இந்தப் பேச்செல்லாம் அடுப்படியோட இருக்கட்டும். எதிரியக் கண்டுபிடிக்காதவன்தான் பெரிய எதிரியாம். அது நானாவும் இருக்கலாம், நீயாவும் இருக்கலாம்."

ஓடிப்போகலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? மூன்று பக்கமும் வெள்ளம், நாலாவது பக்கம் காவல். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அது மிகவும் எளிமையான யோசனை.

பிச்சும் பென் பண்டிகையின் பதினைந்து நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்தவர்கள் நரகத்திலிருந்து பசியோடு வந்து விகாரை விகாரையாக அலைவார்கள். சொந்தக்காரர் எறியும் சோற்று உருண்டை கிடைக்காவிட்டால் சபித்துவிட்டுப் போவார்கள். விகாரையில் நாங்கள் பன்றி அடைத்திருந்தோம், பிக்குகளை மண் சுமக்க அனுப்பியிருந்தோம், சாமி கும்பிடுவது குற்றம். ஆனால் மனதுக்குள் கிடப்பதை எப்படிப் பார்ப்பது? கஞ்சியை உருட்ட முடியாது. சோற்றை உருட்டலாம். அமைப்பின் ஆண்டு விழாவும் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் வந்தது. அன்றைக்கு மட்டும் கெட்டிச் சோறு போடுவோம், யார் சாப்பிடாமல் ஒரு கை எடுத்து வைக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றேன். ஹியெங் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் சம்மதித்தார்.

பசியில் செத்துக்கொண்டிருப்பவன் சோற்றை வாயில் போடாமல் இடுப்புத் துண்டில் முடிகிறான் என்றால், அமைப்பைவிடப் பெரியவர் யாரோ அவனுக்கு இருக்கிறார்கள். இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அப்படி முடிந்தவர்களில் நகரத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள்தான் அதிகம், எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. அவர்களைப் படிக்க அனுப்பினார்கள். அப்படித்தான் சொல்வோம். துணிமணி மட்டும் திரும்பி வந்தது, அதைத் துவைத்துச் சமமாகப் பங்கிட்டோம். மறுநாளிலிருந்து கஞ்சி கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அதைக் குடித்துப் பிழைத்தவர்கள் இன்றும் இந்த ஊரில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய் எதுவும் கேட்பதில்லை.

மேலிடம் ஹியெங்கைப் பாராட்டியது. அடுத்த ஆண்டும் அதேபோல் செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை செய்ததோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு விழாவுக்கும் நடுவில் என் மகள் மோம் காய்ச்சலில் விழுந்தாள். என் மனைவி ரும்தூல் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஒரு பிடி அரிசிங்க. கொழந்தைக்குக் கொழைய வடிச்சுக் குடுத்துடறேன்."

"பாத்துட்டாங்கன்னா?"

"அண்டா உங்க கையில, அகப்பை உங்க கையில. இன்னும் யாருக்குங்க பயப்படுறீங்க?"

நான் கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், அதுதான் நியாயம். மோம் போய்விட்டாள். ரும்தூல் என்னைத் திட்டவில்லை, அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசவும் இல்லை.

விழா நாளன்று காலை அவள் தண்ணீர் சுமந்து வந்தாள்.

"இன்னிக்குச் சோறாமே?"

"ஆமா."

"மோமுக்குச் சோறுன்னா உசுரு."

"நீ எல்லாத்தையும் சாப்பிட்டுடு," என்றேன். "ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுடு, தெரியுதா?"

தலையாட்டினாள். சோறு ஒரு கண்ணி என்பது எனக்கும் ஹியெங்குக்கும் மட்டும்தான் தெரியும். போன வருடம் போனவர்கள் திருடியதற்காகப் போனார்கள் என்றே ஊர் நம்பியது. காய் நறுக்குகிற பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள். அதற்கு மேல் நான் எப்படி வாயைத் திறக்க முடியும்? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மத்தியானம் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். கடைசிக் கைச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் உருட்ட ஆரம்பித்தாள். நன்றாக, வட்டமாக, எங்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் விகாரையில் உருட்டியது போலவே உருட்டினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பார்ப்பதைப் பார்த்தும் அதை மறைக்கவில்லை. உள்ளங்கையை லேசாக விரித்து எனக்குக் காட்டினாள். நம் பிள்ளைக்கு என்று சொல்வது போல இருந்தது. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஹியெங் பார்த்துவிட்டார், எனக்கு வேறு வழி இல்லை என்று அவளுடைய அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பினார், பாவம். ஹியெங் பார்க்கவில்லை. மாட்டு வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். நான்தான் போய் அவர் தோளைத் தொட்டேன். வேறு யாராவது பார்த்திருந்தால்? நான் பார்த்தும் சொல்லவில்லை என்று ஆகியிருந்தால்? நீங்கள் அந்தக் கூரைக்குக் கீழே இருந்ததில்லை. அங்கே ஒவ்வொரு கண்ணும் இன்னொரு கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹியெங் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"அது உன் பொண்டாட்டிய்யா."

"தெரியும் தோழர்."

"நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல. போய் அத வாயில போட்டுக்கச் சொல்லு, போ."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே தோழர்."

அவர் என் கையை விட்டார். பிறகு காவலர்களைக் கூப்பிட்டார். ரும்தூல் கத்தவில்லை. உருண்டையைக் கீழே போடவும் இல்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது அந்தப் பதினைந்து நாளும் விகாரையில் கூட்டம் அலைமோதுகிறது. நான் போவதில்லை. இருட்டில் உருண்டையை வாங்க யார் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஹியெங் அன்று என்னைச் சோதித்துப் பார்த்தார். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் சரி என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருமே போயிருப்போம், யாருக்கும் லாபம் இல்லை. உங்களிடம் மட்டும் இல்லை, இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் இதுதான். இதை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

அடுத்த அறுவடைக்கு முன்னால் மேலிடத்து ஆட்கள் மறுபடி வந்தார்கள். நெல் குறைந்திருந்தது, இந்த முறை தலைவர்களிலேயே எதிரியைத் தேடினார்கள். உங்கள் தலைவர் எப்படி என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஹியெங் ஒருமுறை என் மனைவி மேல் இரக்கப்பட்டு அவளைக் காப்பாற்றப் பார்த்தார் என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.