ஒவ்வாமை: இல்லை

எனக்கு வரிசையில் நிற்கப் பிடிக்காது. அம்பத்தூர் ஓ.டி.யில் எனக்கு முன்னால் நாலு பேர் நின்றால்கூட பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவேன். நீங்கள் கேட்கும் விஷயமும் வரிசையில்தான் தொடங்கியது, இன்ஸ்பெக்டர் மேடம்.

பூந்தமல்லிப் பக்கம் அந்த மருத்துவமனைக்கு, நோயாளிகளின் குறிப்புகளை வெளியார் படிக்க முடியாதபடி சங்கேதமாக்கிப் பூட்டிவைக்கும் மென்பொருள் எழுதியவன் நான். பழைய முறையில், ஒரு குறிப்பைப் பூட்டி முடிக்கும்வரை சர்வர் வேறெதையும் தொடாது. காலையில் கூட்டம் சேர்ந்தால் எல்லாத் திரையும் நின்றுவிடும். அதனால் புதிய முறைக்கு மாற்றினேன். இதில் பூட்டச் சொன்னதும் டோக்கன் வரும், பூட்டிய குறிப்பு பின்னால் வரும். புரோட்டாக் கடை மாதிரிதான். டோக்கனுக்கு பிராமிஸ் என்று பெயர். குறிப்பு வரும்வரை நிற்க, 'அவெய்ட்' என்று ஒரு சொல் எழுத வேண்டும். ஒவ்வாமைக் கட்டத்தில் மட்டும் அது விட்டுப்போயிற்று. ஐந்து வாரம், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று செவிலியர்கள் அடித்ததெல்லாம் போய், வெறும் டோக்கன் சேமிப்பில் உட்கார்ந்திருந்தது.

இது கவனக்குறைவு. யாருக்கும் நேரும்.

கண்டுபிடித்ததும் நான்தான். ஒரு திரையில் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. தேடிப் பார்த்தேன், புதிதாகப் பதிந்த நானூற்றுப் பதின்மூன்று பேருக்கும் இதே கதி. சொல்லியிருந்தால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மறுபடி கேட்டிருப்பார்கள். அந்த வாரம்தான் என்னை டீம் லீட் ஆக்கியிருந்தார்கள். விட்டுப்போன சொல்லைச் சேர்த்தேன். பழைய குறிப்புகள் சிவப்பாக வந்து யாரையும் பயமுறுத்தாமலிருக்க ஒரு வரி எழுதினேன்: திறக்க முடியாவிட்டால் 'ஒவ்வாமை: இல்லை' என்று காட்டு.

அந்த நானூற்றுப் பதின்மூன்று பேரில் ஒருவரான முத்தாபுதுப்பேட்டை வேம்புலியம்மாளைக் காலில் சீழ் வைத்து, காய்ச்சலில் பேச்சில்லாமல் கொண்டுவந்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலின் போட்டார். கால் மணி நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

மருத்துவமனை விசாரணையில் செவிலியர் சபீனாவை நிற்க வைத்தார்கள்.

"அந்தம்மா மொத தபா வந்தப்பவே சொல்லிச்சு சார். 'பென்சிலின் போட்டா மூஞ்சி ஊதிக்கும்மா, எய்திக்கினியா'ன்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சு. நா அடிச்சேன். உத்தமன் சார், நீங்களே பாத்து சொல்லுங்க சார்."

"சிஸ்டத்தில் அப்படி எதுவும் இல்லை" என்றேன். அது பொய்யில்லை.

நேற்று நீங்கள் அவளைக் கைது செய்தீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கேட்ட குரல் காதிலேயே இருக்கிறது. குற்றம் என்னுடையது, அவளை விட்டுவிடுங்கள். மனசாட்சி உள்ளவன் என்பதால்தான் நானாகவே வந்தேன்.

மற்றவர்களா? அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் திரையில் இன்னும் அந்த வரிதான் வருகிறது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நிஜமாகவே ஒவ்வாமை இருக்காது, மேடம்.