துண்டுக்கு அடியில் ஆறு மாசம்

குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா, சார்? கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டே விலையை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வேட்பாளர் அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் எவனாவது செல்போனில் பிடித்துவிடுகிறான்.

பதினாறு வருஷமாக நான் அவருக்கு உதவியாள். "பென்ஷனில் ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்று மேடையில் பேசிவிட்டு, அன்று சாயங்காலம் நாகரசம்பட்டி மாந்தோப்பு வீட்டுக்கு வந்தார். தேர்தல் செலவை ஏற்றுக்கொண்ட ஓசூர் முதலாளி காத்திருந்தார். அரசு பென்ஷன் நிதி எப்போது தன் கம்பெனிக்கு வரும் என்று கேட்டார். அண்ணன் தன் கட்சிக்கரைத் துண்டைப் போட்டு அவருடைய ஐந்து விரலையும் பிடித்தார், பிறகு ஒன்றை மட்டும் அழுத்தினார். முதலாளிக்கு இந்தப் பழக்கம் புதுசு. "ஆறு மாசத்துலயா? சந்தோஷம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே பென்ஷன்காரர் சங்கத்து மனுவோடு சென்னகிருஷ்ணன் மாமா நின்றிருந்தார். என் அக்கா மாதம்மாளின் வீட்டுக்காரர். தாலுகா ஆபீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"நாளைக்குக் கூட்டத்துல மைக்கப் புடிச்சி அத்தனையும் சொல்லிப்புடுவேன் மாப்ள. நீ குறுக்க வராத."

பொறுமையாகத்தான் பேசிப் பார்த்தேன். கேட்கவில்லை. தோப்புக்குள் கூட்டிப்போய், அண்ணன் விட்டுப்போன துண்டைக் கழுத்தில் போட்டு இறுக்கினேன். அறுபத்தைந்து வயசுக்கு நல்ல தெம்பு. முதுகில் முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது, உள்ளே ஏதோ முறிந்தது. கடைசியில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசில் சந்தைக் கூட்டத்தில் நான் தொலையாமலிருக்க அந்த விரலைத்தான் பிடிப்பார். பிரித்து எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

இருட்டியதும் பைபாஸில் கிடத்தினேன். இரண்டு லாரி ஏறிய பிறகு கழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒரு தப்பு செய்துவிட்டேன். துண்டை அவர் தோளிலேயே விட்டுவிட்டேன். அரசாங்க வேலை பார்த்த மனுஷன், எந்தக் கட்சித் துண்டையும் தோளில் போட்டதில்லை. நேற்றுதான் அக்கா மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி கொடுத்த துணிமூட்டையைப் பிரித்தாளாம். நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

அவளுக்காகக் கருவூலத்துக்கு மூன்று மாசம் அலைந்தவன் நான். நிதி கம்பெனி கைக்குப் போகும் முன்பே, பழைய சட்டப்படியே குடும்பப் பென்ஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாமா இன்னும் ஆறு மாசம் இருந்திருந்தால் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? இதை நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள், சார். நான் சொன்னால் என் முகத்தையே பார்க்க மாட்டேன் என்கிறாள்.